நிக்டாவில் கை நனைத்தது

இந்தப் பொட்டலத்தை எங்கன வைக்கதுன்னு பாக்கேன் அண்ணாச்சி. புளியோதரைதான், ஒழுகாது, ஆனா எண்ணெ விடும். சரி, மடியிலயே வச்சுக்கிடுதேன். தண்ணி பாட்டிலும் வீட்டுலேருந்தே கொண்டாந்துட்டேன். இந்தா இருக்கு கோவில்பட்டி, அதுக்குப் போயி இவ்வளவு ஏற்பாடான்னு நினைப்பிய. காரணம் இருக்கு. நான் போற வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன். பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன். போறதே, நான் அன்னைக்குத் தின்னது செல்லாதுன்னு நேருக்கு நேரா சொல்லிட்டு வரத்தான்.

என்னத்தத் தின்னேன்னு கேக்க மாட்டியளா? கிழங்கு. அரைக் கிழங்கு. ஊதாக் கலர்ல. அதுவும் இந்த உலகத்துல இல்ல.

சிரிக்காதீங்க. புத்தி தெளிஞ்சுதான் பேசுதேன். என் பேரு நெல்லையப்பன். மின்வாரியத்துல ஹெல்ப்பராச் சேந்து லைன் இன்ஸ்பெக்டரா ரிட்டையர் ஆனவன். முப்பத்து நாலு வருசம். பாளையங்கோட்டையில வீடு. அந்தா லேடீஸ் சீட்டுல, காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு, மடியில பழத்தட்டோட உக்காந்திருக்காள்லா, அவதான் என் வீட்டுக்காரி, கோமதி. எந்நேரமும் சொற்பொழிவுதான் கேப்பா. ஒண்ணும் தெரியாது அவளுக்கு, பாவம். தட்டு எதுக்குன்னு கேக்கியளா? சண்டை போடப் போனாலும் வெறுங்கையோட போகக் கூடாதுல்லா.

எங்களுக்கு ஒரே பொண்ணு. சுபாஷிணி. பெங்களூர்ல வேலை பாக்கா. போன ஆவணியில போன் பண்ணினா. அப்பா, எனக்கு ஒரு பையனப் பிடிச்சிருக்குன்னா. சரி, கூட வேலை பாக்குதானான்னு கேட்டேன். இல்லையாம். அவன் போலந்து தேசத்துல இருக்கானாம். பின்ன எங்கடி பாத்தேன்னேன். நிக்டாவுலன்னா. அது எந்த தாலுக்கான்னு நானும் கேட்டேன், தாலுக்கா இல்லையாம், கிரகமாம்.

கம்ப்யூட்டர் விளையாட்டு அண்ணாச்சி. ஆகாசக் கப்பல் உடைஞ்சு நீங்க ஒரு கிரகத்துல போய் விழுந்திருவிய. அங்க சாகாம இருக்கணும். அம்புட்டுதான். ஜெயிக்கதும் கெடையாது, பரிசும் கெடையாது. காலையில எந்திரிக்கணும், மூச்சு விடணும், ஏதாவது திங்கணும், செத்துராம வீடு வந்து சேரணும். இதைத்தானடி நான் முப்பத்து நாலு வருசம் சம்பளத்துக்குப் பண்ணேன், இதை ஒருத்தன் விளையாட்டுன்னு விக்கானான்னு கேட்டேன். அங்க ரெண்டு சூரியன். மழை பேஞ்சா தோலு உரிஞ்சிரும். மண்ணுக்குள்ளேருந்து ஒரு புழு வரும் பாருங்க, தென்ன மரத் தண்டிக்கு, வாயப் பொளந்துகிட்டு. இப்படிப்பட்ட ஊர்லதான் ரெண்டு வருசமா இவ அவனோட பழகியிருக்கா. பையன் பேரு முனியராஜ். அப்பா கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ்ல மேஸ்திரி.

பேரக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. அவங்க வேற ஆளுக. நான் அந்த மாதிரி பாக்கவன் இல்ல, தப்பா நினைக்காதீங்க. சர்வீஸ்ல எல்லார் கூடயும் ஒரே கிளாஸ்ல டீ குடிச்சிருக்கேன். சரி, ஒரே கிளாஸ்ல இல்ல, ஒரே கடையில. ஆனா டீ வேற, வீட்டுச் சோறு வேற. ஒரு வீட்டுல கை நனைச்சிட்டோம்னா அந்த வீட்டுக்குச் சம்மதம் சொல்லியாச்சுன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா?

பொண்ணுகிட்ட நேரா வேண்டாம்னு சொன்னா அழுவா. அவ அழுதா எனக்குத் தாங்காது. அதனால நான் ஒரு கொக்கி போட்டேன். மாப்பிள்ளை கட்டின வீட்ட நான் கண்ணால பாக்கணும், வீடு பாக்காம நம்ம குடும்பத்துல யாரும் பேச்சு எடுத்ததே கெடையாதுன்னேன். போலந்துல வாடகை ரூம்ல கெடக்கவன் எங்கன வீடு கட்டியிருக்கப் போறான்? ஒழிஞ்சதுன்னு இருந்தேன். ஆனா அவ என் மகள்லா! கட்டியிருக்கான்ப்பா, நிக்டாவுல, ரெண்டு வருசமா, வந்து பாருங்கன்னுட்டா. அடுத்த வாரமே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கிட்டு. கூடவே மைக்கு வச்ச ஹெட்போன். நான் சொன்ன வார்த்தை, நானே எப்படி மாத்த?

சரி, ஒரு குறை கண்டுபிடிக்கிறதா கஷ்டம்? எத்தனை வீட்டுல மீட்டர் பெட்டியைப் பாத்தே குடும்பத்தோட லெச்சணத்தச் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலை பத்து மணின்னு முடிவாச்சு. அங்க அப்ப விடிஞ்சும் விடியாம இருக்குமாம். பையன் எந்திரிச்சுக் குளிச்சிட்டு உக்காந்திருப்பானாம். அது ஒண்ணு நல்ல பழக்கம், ஒத்துக்கிடுதேன்.

முத நாள் போய் எறங்கினேன். செவச்செவன்னு மண்ணு. தூரத்துல வீடு, தகரமும் கண்ணாடியுமா. வாசல்ல பையன் நிக்கான், பெரிய கவசம் போட்டுக்கிட்டு. சுபாஷிணி காதுல பேசுதா. கூட இன்னொருத்தன், செவப்பு ஹெல்மெட். பையனோட சேக்காளி, போலந்துக்காரன் போல, வாயத் திறக்கவே மாட்டான். கையில ஒரு சுத்தியல். நான் வாசலுக்குப் போயாச்சு. செருப்பக் கழட்டாம ஒரு வீட்டுக்குள்ள எப்படி அண்ணாச்சி நுழைய? பூட்ஸ எப்படிக் கழட்டணும்னு ஒவ்வொரு பொத்தானா அமுக்கிப் பாத்தேன். மொத்த உடுப்பும் கழண்டுட்டு. அந்த ஊர்க் காத்து மூணு வினாடிதான் தாங்குமாம். செத்துட்டேன்.

செத்தா திரும்ப, விழுந்த எடத்துலேருந்து ஆரம்பிக்கணும். கையில ஒண்ணும் இருக்காது. நம்ம சாமான் எல்லாம் செத்த எடத்துலயே மூட்டையாக் கெடக்கும். திரும்ப நடந்து போனேன். இந்த வாட்டி பூட்ஸோட நிக்கேன், ஆனா உள்ள வாங்கன்னு யாரும் கூப்பிடல. பையனுக்கு மைக்கு வேலை செய்யலையாம். எனக்கு அது எப்படித் தெரியும்? வாங்கன்னு சொல்லாம வாசப்படி தாண்டுற பழக்கம் எங்க வம்சத்துலயே இல்ல. நின்னேன். மழை வந்துச்சு. நின்னேன். அதுவும் போச்சு, ரெண்டாவது சாவு. அந்தச் செவப்பு ஹெல்மெட்டு ஓடியாந்து என்னத் தோள்ல தூக்கிட்டு உள்ள ஓடப் பாத்தான், முடியல. செத்த என்னக் கீழ போட்டுட்டு மண்டையில நங்குன்னு சுத்தியலால ஒரு போடு போட்டான் பாருங்க, எதுக்குன்னே தெரியல. மரியாதை கெட்ட பய.

மூணாவது தடவ மைக்கு சரியாகி, அவன் உள்ள வாங்கன்னு கூப்பிட்டதும் வீட்டுக்குள்ள போயிட்டேன். குறை தேடுதேன். கண்டுபிடிச்சிட்டேன்! ஜெனரேட்டர்லேருந்து ஒத்த வயர்ல காத்து மிஷினு, லைட்டு, கதவு, அடுப்பு எல்லாத்தையும் மாட்டியிருக்கான். ஒண்ணு போனா எல்லாம் போச்சு. இந்த மாதிரி ஒரு வயரிங்க நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல, இந்த வீட்டுல என் பொண்ணு எப்படி இருப்பான்னு சத்தம் போட்டேன். நான் என்ன எதிர்பாத்தேன்? கோவப்படுவான், ரெண்டு வார்த்தை பேசுவான், அதை வச்சு முடிச்சிரலாம்னு. அவன், ஆமா அங்கிள், தப்புதான், நீங்களே சொல்லித் தாங்கன்னுட்டான். அப்புறம் நான் சும்மா இருக்க முடியுமா? மூணு ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி! காத்து மிஷினுக்குத் தனி லைன், அதுக்குத் தனி பேட்டரி, வெளிய கம்பம் நட்டு, இழுத்துக் கட்டி... நிக்டாவுல இன்னைக்கு அதுமாதிரி ஒரு வீடு கெடையாதாம். சுபாஷிணி சொன்னா. நான் குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், அதை மறந்துராதீங்க.

பிரச்சனை எங்க வந்துச்சுன்னா, பசியில. ஓரத்துல ஒரு கோடு இருக்கும். பசிக்கப் பசிக்கக் கோடு குறையும். காலியாச்சுன்னா சாவு. பையன் மொத நாளே தட்டுல கொண்டாந்து நீட்டினான், அங்கிள் சாப்பிடுங்கன்னு. பாத்தா அந்தப் புழுவச் சுட்டு வச்சிருக்கான். அப்பாடா, தப்பிச்சேன்டா சாமின்னு இருந்துச்சு. தம்பி, நாங்க சைவம்னுட்டேன். பசியில செத்தேன். சந்தோசமாச் செத்தேன்.

அடுத்த வாரம் போறேன், வீட்டுக்குப் பின்னால பாத்தி கட்டி, கண்ணாடிக் கூரை போட்டு, ஊதா ஊதாவா ஏதோ மொளச்சிருக்கு. என்னதுன்னேன். கிழங்கு அங்கிள், உங்களுக்காகன்னான். அந்த விதைய எடுக்க ரெண்டு மலை தாண்டிப் போய் அவனே ஒரு வாட்டி சாகப் பாத்தானாம். நான் எதுக்குப்பா இதெல்லாம்னு சொன்னேன். மனசுக்குள்ள, படுபாவி, இனிமே என்ன சாக்குச் சொல்லன்னு இருந்துச்சு. இன்னொரு நாள் பாத்துக்கிடலாம், இப்பத்தான் இட்லி சாப்பிட்டு வந்தேன்னேன். இட்லி இங்கன உள்ள வயித்துக்கு. அங்கன உள்ள வயித்துக்கு அது போய்ச் சேருமா? செத்தேன். அதுக்கடுத்த வாரமும் செத்தேன். வேலை பாத்துக்கிட்டே இருப்பேன், கம்பத்து மேல நிக்கும்போதே கோடு காலியாகி அப்படியே கீழ விழுவேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் என் மூட்டைய எடுத்துக் கொண்டாந்து ஒரு பெட்டியில அடுக்கி, அங்கிள், உங்க ஸ்குரூ டிரைவர் பத்திரமா இருக்குன்னு சொல்லுவான். பெட்டி மேல என் பேர எழுதி வச்சிருந்தான். மூலையில நெல்லையப்பர் கோபுரம் மாதிரி ஒரு படம் வேற.

மொத்தம் பதினாறு சாவு அண்ணாச்சி. அதுல பன்னெண்டு பசியில. அந்தக் கிரகத்துல சோத்த எதுக்க வச்சுக்கிட்டுப் பசியில செத்த ஒரே மனுசன் நான்தானாம்.

அந்தச் செவப்பு ஹெல்மெட்டுக்கு மட்டும் என் மேல என்ன கோவமோ. ஒவ்வொரு வாட்டி நான் கிழங்கு வேண்டாம்னு சொல்லும்போதும் வந்து நங்குன்னு ஒண்ணு வைப்பான். ஆனா ஒரு விசயம். புழு வந்தா எனக்கு முன்னால போய் நிக்கதும் அவன்தான். விசித்திரமான ஆளு. நடு வேலையில திடீர்னு எங்கயோ போய் மரம் மாதிரி நிப்பான். எப்ப தெரியுமா? எங்க வீட்டு அடுக்களையில குக்கர் மூணாவது விசில் அடிக்கும் பாருங்க, சரியா அப்ப. ரெண்டு நிமிசத்துல திரும்ப வந்துருவான். போலந்துலயும் அந்த நேரம்தான் அடுப்ப அணைப்பாங்க போலன்னு நான் நினைச்சுக்கிடுவேன். கோமதியா? அவ பெட்ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு, மகளோட பழைய கம்ப்யூட்டர்ல சொற்பொழிவு. ஞாயித்துக்கிழமை தவறாது.

போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. அதான் சனியன் பிடிச்ச நாள். உள்ள போனதும் சுபாஷிணி, அப்பா, பெரிய புயல் வருதுன்னா. வந்துச்சு. நான் எத்தனை புயல் பாத்தவன், இது மாதிரி பாத்ததில்ல. ரெண்டு சூரியனும் மறஞ்சு போச்சு. தோட்டத்துக் கூரை பிச்சிக்கிட்டுப் போச்சு, கிழங்கெல்லாம் மண்ணோட போச்சு. சாமான் ரூம் போச்சு. நிக்கது காத்து மிஷினு மட்டும்தான். எதுனால? நான் போட்ட தனி லைன்னால. அதைச் சொல்லணும்லா. புயல் அடங்குற வரைக்கும் கதவத் திறக்க முடியாது. உள்ள நாங்க மூணு பேரு, பையன், நான், செவப்பு ஹெல்மெட்டு. சுபாஷிணி வேற எங்கயோ குகையில மாட்டிக்கிட்டா, குரல் மட்டும் வருது.

திங்கிறதுக்கு என்ன இருக்குன்னு பாத்தா ஒத்தக் கிழங்கு. பையன் அதை ரெண்டா வெட்டி ஒரு பாதியத் தட்டுல வச்சு என் முன்னால நீட்டினான். அங்கிள், சாப்பிடுங்கன்னான். எனக்கு வேண்டாம், நீ தின்னுன்னேன். நான் செத்தா என்ன, செத்துச் செத்துப் பழகினவன், திரும்ப வந்துருவேன். அப்பத்தான் சுபாஷிணி அழுதுகிட்டே சொல்லுதா, அப்பா, புயல் நேரத்துல வீட்டுக்காரன் செத்தா வீடே போயிரும், ரெண்டு வருசம் கட்டினது எல்லாம் போயிரும்னு. நீங்க போட்ட லைனும் போயிரும்னா. அவன் கோட்டப் பாத்தேன். நூல் அளவுக்கு இருக்கு. ஏ தம்பி, முட்டாப்பயலே, தின்னுடான்னு கத்தினேன்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? எங்க வீட்டுல, வந்தவங்க பசியோட உக்காந்திருக்கும்போது நாங்க வாயில வைக்க மாட்டோம் அங்கிள், எங்கம்மா அப்படித்தான் வளத்திருக்கான்னான். கோவமா இல்ல, சாதாரணமாச் சொன்னான். நான் அவன் வீட்டுல திங்க மாட்டேன். நான் திங்காம அவன் திங்க மாட்டான். கோடு ரெண்டும் குறையுது.

எனக்கு என்னமோ அந்த நேரத்துல ஒரு பழைய விசயம் ஞாபகம் வந்துச்சு. சர்வீஸுக்குச் சேந்த புதுசு. ஐப்பசி மழை. மானூர்ப் பக்கம் ஒரு ஊர்ல கம்பம் வரிசையாச் சாஞ்சு போச்சு. ஒரு பகல் முழுக்க சோறு தண்ணி இல்லாம வேலை. ஒரு வீட்டம்மா தூக்குச்சட்டியில கஞ்சி கொண்டாந்து, ஐயா குடிங்கன்னா. எந்தத் தெருவுலேருந்து வந்தான்னு எனக்குத் தெரியும். பசிக்கலைன்னுட்டேன். கம்பத்துல ஏறினேன், கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, கீழ நின்ன ஆளு பிடிக்கலைன்னா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நான் எறங்கினப்பவும் அந்தம்மா சட்டியோட நின்னுக்கிட்டே இருந்தா. பசிக்கலைன்னு ஒருத்தன் பொய் சொல்லுதான்னு அவளுக்குத் தெரியும். எதுக்காகச் சொல்லுதான்னும் தெரியும். எனக்கு அது அசிங்கமா இருந்துச்சு அண்ணாச்சி. இத்தனை வருசத்துல இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்ட எதுக்குச் சொல்லுதேன்னும் தெரியல. அதை விடுங்க.

விரல் வழுக்கிட்டு. அதான் நடந்துச்சு. பொத்தான் மேல விரல் இருந்துச்சு, வேர்வை வேற, வழுக்கி அமுங்கிட்டு. நறுக்குன்னு கடிக்கிற சத்தம் கேட்டுச்சு. என் கோடு ஏறிட்டு. உடனே பையன் மத்த பாதிய எடுத்து வாயில போட்டான். அவன் கோடும் ஏறிட்டு. கொஞ்ச நேரத்துல புயலும் நின்னுச்சு. அப்புறம் பையன் ரொம்ப மெதுவா, ரொம்ப நன்றி மாமான்னான். அதுவரைக்கும் அங்கிள், அங்கிள்னவன் மாமாங்கான்! அந்தச் செவப்பு ஹெல்மெட்டு என்ன பண்ணினான்னா, கைச் சுத்தியலக் கீழ போட்டுட்டு அங்கனயே உக்காந்துட்டான். குக்கர் அன்னைக்குப் பதினோரு விசில் அடிச்சுது. அவனும் நகரல, கோமதியும் எந்திரிக்கல. பருப்பு தீஞ்சு வீடெல்லாம் பொக. போய்ப் பாத்தா கோமதி கண்ணு ரெண்டும் செவந்து போய் உக்காந்திருக்கா. என்னடின்னேன். சொற்பொழிவு நல்லா இருந்துச்சுங்கா.

சாயங்காலமே கோவில்பட்டியிலேருந்து போன். பையனோட அம்மா, பேச்சியம்மா. அண்ணே, எங்க வீட்டுல கை நனைச்சிட்டீகளாமே, எம் பிள்ள சொல்லிச் சொல்லி அழுதான், நாள் பாத்துரலாமாங்காவ. ஒரு பொத்தான் அமுங்கினா அது சம்மதமா? கிழங்கே இல்லாத கிழங்கு. வயிறே இல்லாத வயிறு. நியாயத்தச் சொல்லுங்க. அப்படிப் பாத்தா நான் பதினாறு வாட்டி செத்திருக்கேன், எனக்குப் பதினாறு கருமாதி பண்ணியிருக்கணும்லா? இதையெல்லாம் போன்ல சொன்னா நல்லா இருக்காது. பொம்பளையாளு, சந்தோசமாப் பேசுதாவ. நேர்ல வாரேன்னு மட்டும் சொன்னேன். நேர்ல போய்த்தான் உடைக்கணும். அதுக்குத்தான் இந்த வேட்டி, சட்டை. புதுசுதான். கோமதி எடுத்து வச்சா.

காலையில திரும்ப அந்தம்மா போன். அண்ணே, மதியத்துக்கு வெங்காயம் பூண்டு சேக்கலாமா, உங்களுக்கு எது ஆகாதுன்னாவ. கேட்டா பதில் சொல்லாம இருக்க முடியுமா? சாம்பார்ல கத்திரிக்கா போடாதீங்க, எனக்கு அரிக்கும்னு சொன்னேன். சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னதுதான்.

கயத்தாறு தாண்டியாச்சா? அதுக்குள்ளயா? நாலாட்டின்புதூரும் வந்துட்டு போல. இந்தா எந்திரிச்சிட்டா பாருங்க, அவளுக்கு எல்லாத்துலயும் அவசரம்... ஏட்டி, வாரேன்ட்டி, கேக்கு, மண்டையில எதுக்குக் கொட்டுத? பாத்தியளா அண்ணாச்சி, நாலு பேரு முன்னால. அந்தச் செவப்பு ஹெல்மெட்டும் அச்சு அசல் இதே எடத்துல இதே மாதிரித்தான் போடுவான். கல்யாணத்துக்கு அவனும் வருவான்லா, வரட்டும், வச்சுக்கிடுதேன். கல்யாணம் நடந்தான்னு சொல்லுதேன். நடக்கும்னு சொல்லல.

சரி அண்ணாச்சி, நான் எறங்கணும். நீங்க சாத்தூர்தான? இந்தாங்க, இந்தப் பொட்டலத்த நீங்க வச்சுக்கிடுங்க. சாப்பிடுங்க, எங்க வீட்டுச் சோறுதான், நல்லா இருக்கும். எனக்கு எதுக்கு? வயிறு முட்டத் தின்னுட்டுப் போனா அங்க போய் எப்படி நாலு வார்த்தை பேச? காலி வயித்தோட போறதுதான் நல்லது.

தண்ணி பாட்டிலையும் பிடிங்க. அந்தம்மா தருவாவ.